ஒண்ணாம் நம்பர் கணக்குல இல்ல

இல்லைங்க சார், நான் எதையும் விக்க வரல. பையில குடையும் ரெண்டு காகிதமும்தான் இருக்கு, வேணும்னா தொறந்து காட்டறேன். ஆஸ்பத்திரியிலேருந்து வரேன்னு சொன்னேனே, ரத்த வங்கி, கிளார்க்கு. இதோ அடையாள அட்டை, இந்தக் கம்பிக்கதவு வழியாவே பாத்துக்கோங்க. போட்டோவுல கொஞ்சம் ஒல்லியா இருப்பேன், ஆளு நான்தான். நீங்க இதுவரைக்கும் ரத்தமே குடுத்ததில்லையா? தெரியும் சார். அப்புறம் எப்படி எங்க கம்ப்யூட்டர்ல உங்க அட்ரஸ் இருக்குன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். நானும் அதத்தான் நேத்துலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். போனும் பண்ணிப் பாத்தேன், எனக்கு லோன் வேணாம்னு சொல்லி வெச்சிட்டீங்க.

ஒரு பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா மொதல்லேருந்து சொல்லிடுவேன். நடுவுலேருந்து சொன்னா புரியாது, கோவம் வேற வரும். நீங்க பாட்டுக்கு அந்தத் திரைக்கம்பிய மாட்டுங்க, டிரில்லிங் மிஷின் ஓடறப்ப மட்டும் நிறுத்திக்கறேன். பரவாயில்ல, நின்னே பேசறேன், நின்னு பழக்கம்தான்.

எங்ககிட்ட ஒரு புரோகிராம் இருக்கு. ரத்தம் குடுக்கறவங்க பேரு, குரூப்பு, வயசு, போன் நம்பர், எல்லாம் அதுக்குள்ளதான். பாக்கறதுக்கு இன்டர்நெட்ல வர்ற பக்கம் மாதிரி இருக்கும், ஆனா ஆஸ்பத்திரிக்கு வெளியில தொறக்காது. உள்ளயும் எல்லா கம்ப்யூட்டர்லயும் தொறக்காது, என் மேஜையில இருக்கற பழைய பிரவுசர்ல மட்டும்தான் தொறக்கும். அந்த பிரவுசர் தினமும் என்னை அப்டேட் பண்ணட்டுமான்னு கேக்கும், நானும் தினமும் அப்புறம் பாக்கலாம்னு அமுக்குவேன். ஒரு தடவ நான் லீவுல இருந்தப்ப யாரோ சரின்னு அமுக்கிட்டாங்க. அன்னிக்கு எனக்கு வீட்டுக்கு ஜீப்பு அனுப்பினாங்க சார். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் வண்டி அனுப்பல.

அத எழுதினவர நாங்க மேஸ்திரின்னு கூப்பிடுவோம். கொத்து வேலை இல்ல, கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா எது உடைஞ்சாலும் இடிக்க வேணாம், பூசிக்கலாம்னுதான் சொல்லுவாரு. புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்னு எத்தனையோ கம்பெனிக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க, படம் காட்டினாங்க, பிஸ்கட் சாப்பிட்டாங்க, போனாங்க. மேஸ்திரி போட்ட பூச்சுதான் நின்னுச்சு. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரரு. பேச்சுதான் கம்மி. வாயத் தொறந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்குப் போதும் போதும்னு ஆயிடும்.

அந்தப் புரோகிராம்ல மொத வரி இருக்கே, அது சோதனை வரி. பேரு இருக்கற எடத்துல சோதனை ஒண்ணுன்னு இருக்கும். புரோகிராம் ஓடுதான்னு பாக்க மேஸ்திரி ஆரம்பத்துல போட்டு வெச்ச பொய்யான ஆளு. அதத் தொடாதீங்க, தொட்டா மொத்தமும் சரிஞ்சிடும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு. நாங்க எதுக்கு சார் தொடப்போறோம்? அதனால எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் எத்தனை பேருன்னு காட்டுதோ, அதுல ஒண்ணக் கழிச்சுத்தான் சொல்லுவோம். பக்கத்தைப் புரட்டினா ரெண்டாவது வரியிலேருந்துதான் கண்ணு ஓடும். புதுசா யாரு வேலைக்கு வந்தாலும், பாத்ரூம் சாவி எங்க தொங்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி இதத்தான் சொல்லிக் குடுப்போம். ஒண்ணாம் நம்பர் கணக்குல இல்ல.

இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, எங்க ஆஸ்பத்திரியில மேல வார்டுல ஒருத்தர் இருக்காரு. வயித்துல கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன். ரத்தம் எடுத்து வைங்கன்னு கீழ சாம்பிள் அனுப்பினாங்க. சோதிச்சா ஓ குரூப் மாதிரியே காட்டுது, ஆனா ஓ ரத்தத்தோட கலந்து பாத்தா ஒத்துக்கல, திரிஞ்சு போகுது. பிரிட்ஜுல இருந்த எல்லாத்தோடயும் திரிஞ்சு போகுது. எங்க லேப் அக்கா தன் கண்ணையே நம்பாம திரும்பத் திரும்பப் பண்ணாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது ரொம்ப அபூர்வமான ஒரு வகை. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் ஊருக்கு ஒரு ஆள் கெடைச்சா பெருசு. அந்த வகைக்கு அதே வகைதான் ஏத்தணும், வேற ஏத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லிட்டாரு, ஒரு பாட்டிலாவது கையில இல்லாம கத்தி வைக்க மாட்டேன், கத்தி வைக்காம தள்ளிப்போட்டாலும் அந்த உடம்பு தாங்காதுன்னு.

ஆமா சார். என்ன வகைன்னு உங்களுக்கே தெரியும்ல? காலேஜ்ல படிக்கறப்ப பைக்கிலேருந்து விழுந்து கால்ல ஆபரேஷன் பண்ணப்ப உங்களுக்கும் இதே கூத்துதான் நடந்திருக்கும். இருங்க இருங்க, எப்படித் தெரியும்னு வரிசையா வரேன். அந்த ஏணியிலேருந்து மட்டும் கொஞ்சம் எறங்கிடுங்க, பாக்கற எனக்குக் கழுத்து வலிக்குது.

சரி. நேத்து காலையில, அந்த வகை யாராவது இருக்காங்களான்னு தேடறதுக்குப் புரோகிராமத் தொறக்கறேன், வெள்ளையா ஒரு பக்கம். எழுத்தே இல்ல. கம்ப்யூட்டர் பிரிவுல ஒரு ஆபீசர் இருக்காரு, அவருக்கு எங்க ஆபீஸ்ல பேரு ரீஸ்டார்ட். எதச் சொன்னாலும் ரீஸ்டார்ட் பண்ணுங்கம்மாங்கறதுதான் அவரு பதில். ஏசி தண்ணி சொட்டுதுன்னு ஒரு தடவ சொன்னேன், அதுக்கும் அதான் சொன்னாரு. அவரு வந்து, அந்தப் பெரிய மிஷின் எங்க இருக்குன்னு என்னையே கேட்டாரு. பழைய எக்ஸ்ரே பிலிம் போட்டு வெக்கற ரூம்ல, அலமாரிக்கு மேல, தூசியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. பட்டன அமுக்கிப் பாத்தாரு, அசையல. நான் வேணாம் வேணாங்கறதுக்குள்ள பிளக்கையே புடுங்கி மாட்டிட்டாரு.

எழுந்துச்சு. ஆனா என்ன வருஷம்னு மறந்துட்டு எழுந்துச்சு. உள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்குமாம், அது எப்பவோ செத்துப்போச்சு, கரண்டு போனதும் தேதி அந்த மிஷின் செஞ்ச காலத்துக்கே போயிடுச்சு. தேதிய வெச்சுத்தானே வயசு கணக்குப் போடும்? பாதிப் பேருக்கு வயசு மைனஸ்ல வந்துச்சு. ஒரு போலீஸ்காரர், வருஷா வருஷம் வந்து குடுப்பாரு, நாலு பிள்ளைக்கு அப்பா. இவருக்கு ரத்தம் குடுக்க வயசு பத்தாது, இன்னும் பொறக்கலன்னு காட்டுது. லேப் அக்காவப் பாத்தேன், அவங்களும் பொறக்கல. எங்க சூப்பிரண்டு மட்டும்தான் அந்த மிஷின் கணக்குப்படி கல்யாண வயசுல இருந்தாரு.

சிரிக்கறீங்க. எனக்கும் இப்பத்தான் சிரிப்பு வருது.

மேஸ்திரியக் கூப்பிட்டேன். அவரு ஆபீசுக்கு வர முடியாத நெலம, போன்லதான் பேசினாரு. வழக்கமா இந்த மாதிரி ஏதாவது ஆனா சத்தம் போடுவாரு, எவன்டா பிளக்கப் புடுங்கினதுன்னு. நேத்து மெதுவாத்தான் பேசினாரு. மொதல்ல தேதிய சரி பண்ணச் சொன்னாரு, பண்ணேன். எல்லாரும் பொறந்தாங்க. ஆனா பக்கம் மறுபடி வெள்ளை. அவரு ஒரு கட்டளை சொன்னாரு, டைப் பண்ணேன், எடம் இல்லன்னு வந்துச்சு. அந்தப் புரோகிராம் தான் பண்ற தப்பையெல்லாம் ஒரு பைல்ல எழுதி எழுதி வெச்சிருக்கு சார். யாரும் அத தொறந்து பாத்ததே இல்ல. அது வளந்து வளந்து டிஸ்க்கு மொத்தத்தையும் அடைச்சுக்கிச்சு. கடைசி வரி என்ன தெரியுமா? எழுத எடம் இல்லங்கற தப்ப எழுத எடம் இல்லன்னு பாதியில நிக்குது. அத அழிச்சோம். மூச்சு வந்துச்சு.

வந்து என்ன பிரயோஜனம், எடம் இல்லாம பாதி பாதியா எழுதினதுல பேரெல்லாம் இருக்கற பட்டியலே உடைஞ்சு கெடக்கு. சரி, பேக்கப்ப எடுங்கன்னாரு மேஸ்திரி. எங்க சூப்பிரண்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தாரு. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவரு கையாலயே பென் டிரைவ்ல பேக்கப் எடுப்பாரு. மழைன்னு பாக்க மாட்டாரு, ஜுரம்னு பாக்க மாட்டாரு. சாமி படத்துக்கு பூ வெக்கற மாதிரி ஒரு பக்தி. சொருகிப் பாத்தா, உள்ள டெஸ்க்டாப்ல இருக்கற ஐகான்தான் இருக்கு. அந்தப் புரோகிராமத் தொறக்கறதுக்கு ரெண்டு தட்டு தட்டுவோமே, அந்தப் படம். அத்தன வருஷமா அந்தப் படத்தத்தான் காப்பி எடுத்துட்டிருந்திருக்காரு. ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனியா, தேதி போட்டு. அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல சார். யாரும் திட்டல. திட்டியிருந்தாக்கூட அவருக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் இருந்தது ஒரே வழிதான், உடைஞ்சதையே ஒட்ட வெக்கறது. மேஸ்திரி ஒவ்வொரு எழுத்தா சொல்றாரு, நான் டைப் பண்றேன். நடுவுல போன்ல சத்தமே இல்ல. இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கத்தறேன். இருக்கேன், அவசரப்படாம டைப் பண்ணுங்கறாரு. ரிப்பேர் ஓட ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டரச் சுத்தி எல்லாரும் நிக்கறாங்க, ரீஸ்டார்ட்டும் ஓரமா கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. பாவம், அவருக்கும் மனசு கேக்கல, எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு. ஆறிப்போய் ஆடை கட்டற வரைக்கும் நான் அதத் தொடல.

வந்துடுச்சு. ஆமா சார், எல்லாப் பேரும் வந்துடுச்சு, ஒண்ணு கொறையல. அந்த அபூர்வமான வகையப் போட்டுத் தேடினேன். எத்தனைன்னு கேட்டாங்க லேப் அக்கா. ஒண்ணுன்னேன். அப்ப இல்லன்னாங்க. அவ்வளவுதான், எல்லாரும் அவங்கவங்க மேஜைக்குப் போயிட்டாங்க. லேப் அக்கா மட்டும் என் தோள்ல கைய வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க.

நான் மேஸ்திரிகிட்ட போன்ல சொன்னேன், வந்துடுச்சு, ஆனா யாரும் இல்லன்னு. அதுக்கு அவரு, அந்த ஒண்ணாம் நம்பர அழிச்சிடுன்னாரு.

எனக்கு அங்கதான் சார் உறுத்துச்சு. இத்தன வருஷமா தொட்டா சரிஞ்சிடும்னு சொன்ன ஆளு, இப்பத்தான் ஒட்ட வெச்சு முடிச்சிருக்கோம், ஈரம்கூட காயல, இப்ப அழிங்கறாரு. ஏன்னு கேட்டேன். சொன்னதச் செய்யுன்னு போன வெச்சுட்டாரு. சரின்னு அழிக்கற பட்டன அமுக்கினேன். எங்க புரோகிராம்ல ஒரு ஆள அழிக்கணும்னா சும்மா அழிக்காது, அந்த ஆளோட விவரம் மொத்தத்தையும் விரிச்சுக் காட்டி, இவரத்தானே, நிச்சயமான்னு கேக்கும். நேத்துதான் அந்தப் பக்கத்த நான் மொத மொதல்லப் பாக்கறேன். நான் மட்டும் இல்ல, எங்க ஆபீஸ்ல யாருமே.

பேரு மட்டும்தான் சோதனை ஒண்ணு. மத்ததெல்லாம் நெசம். பொறந்த தேதி இருக்கு. வலது கால்ல ஆபரேஷன்னு இருக்கு. போன் நம்பர் இருக்கு. பொய்யான ஆளுக்கு எதுக்கு சார் மூணாவது மாடி, லிப்டுக்கு எதிர்க்கதவுன்னு அட்ரஸ்? அதுவும் பழைய அட்ரஸ் இல்ல. கடைசியா எப்ப மாத்தினதுன்னு கீழ தேதி இருக்கு, நீங்க இங்க குடிவந்த அதே மாசம். அதுக்கு முன்னாடி எழுதினதும் அழியாம அடியில இருக்கு. மார்க்கெட் பின்னால ஒரு மாடி வீடு. அதுக்கு முன்னாடி ரயில்வே கேட் பக்கம். அதுக்கும் முன்னாடி ஒரு மேன்ஷன்ல ரூம். சரிதானே? நீங்க வீடு மாத்தும்போதெல்லாம் அங்கயும் மாறியிருக்கு. எடை மட்டும் ஆரம்பத்துல போட்டதோட சரி. தப்பா நெனக்காதீங்க, அதத் திருத்த வேண்டியிருக்கும்.

கோவப்படாதீங்க சார். வேவு பாக்கறதுக்கு இல்ல. வேவு பாக்கறவன் ரத்த வங்கியில கொண்டு வந்து எழுதி வெப்பானா? ஒரு ஆளு, நீங்க எங்க இருக்கீங்கன்னு யார் யார்கிட்டயோ விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்காரு. வீட்டுல எழுதி வெச்சா வீட்டுல கேப்பாங்க, போன்ல போட்டு வெச்சா யாராவது பாப்பாங்க. யாருமே பாக்காத எடம் ஒண்ணுதான் அவரு கையில இருந்துச்சு, அங்க கொண்டுபோய் வெச்சிருக்காரு. எனக்குக் கோவம் வரலியான்னு கேட்டா, வந்துச்சு. நெறயவே வந்துச்சு. அந்த வகையில ஆளு வேணும்னு இதுக்கு முன்னாடியும் எத்தனை பேரு வந்து நின்னிருப்பாங்க, எத்தனை தடவ நாங்க ஒண்ணக் கழிச்சுட்டு இல்லன்னு சொல்லி அனுப்பினோமோ தெரியல. அத நெனச்சா எனக்கு சோறு எறங்கல. ஆனா அந்தப் பக்கத்தப் பாத்துக்கிட்டே இருக்க இருக்க, அவரு மேல எனக்குக் கோவம் நிக்கல.

மேஸ்திரியோட பேரா? சொல்றேன். அதுக்கு முன்னாடி கதவக் கொஞ்சம் தொறக்கறீங்களா, கால் கடுக்குது. இந்தப் பெட்டி மேல உக்காரலாமா, உள்ள பாத்திரம் ஒண்ணும் இல்லியே. தண்ணியெல்லாம் வேணாம், இருங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துல அப்பா பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அந்தப் பேரு எனக்குத் தெரியும். எங்க கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குக் கீழ, காலஞ்சென்றன்னு போட்டு அச்சடிச்சிருந்த பேரு.

ஆமா. அவருதான். மேஸ்திரிதான் என் வீட்டுக்காரரு, மேல வார்டுல இருக்கறதும் அவருதான். படுக்கையில ஊசியக் குத்திக்கிட்டு படுத்தபடியேதான் நேத்து எனக்கு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்தாரு, நானும் ரெண்டு மாடிக்குக் கீழ உக்காந்து டைப் பண்ணேன். டாக்டர் மொத நாளே கேட்டாரு, கூடப் பொறந்தவங்க இருக்காங்களா, அவங்களுக்கும் இதே வகை இருக்க வாய்ப்பு உண்டுன்னு. இல்லன்னுட்டாரு. என்கிட்டயும் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அதத்தான் சொன்னாரு, நான் தனி ஆளுன்னு. நேத்து சாயங்காலம் மேல போய்க் கேட்டேன், யாரு இந்த ஒண்ணாம் நம்பருன்னு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. சுவத்தப் பாத்தபடியே, போகாத, அவன் வரமாட்டான்னாரு.

உங்க அப்பா ஆபரேஷன் விஷயமா? வேணாம்னு நீங்க சொல்லி, பண்ணியே ஆகணும்னு அவரு பிடிவாதமா நின்னு, அதுல அப்பா பொழைக்காம போயி... ஓ. அதுதானா. எனக்கு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும். அதுல யாரு மேல தப்புன்னு நான் கேக்கல, கேக்கறதுக்கு எனக்கு நேரமும் இல்ல. அவரு மன்னிப்பு கேக்கச் சொல்லி என்னை அனுப்பல. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது, மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வந்ததும் வராததுமா உங்க அண்ணனுக்குன்னு சொல்லியிருந்தா கதவ சாத்தியிருப்பீங்கன்னு பயந்துதான், இவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் கதைய இழுத்தேன். எனக்கு பயமா இருக்கு. அவரு இல்லாம என்னால முடியாது. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல எனக்கு.

அழிச்சேனான்னு கேக்கறீங்களா? இல்ல. நிச்சயமான்னு கேட்டுச்சு, இல்லன்னு அமுக்கிட்டேன்.

அழாதீங்க. நானே நேத்துலேருந்து அடக்கி வெச்சிருக்கேன், நீங்க ஆரம்பிச்சா எனக்கும் நிக்காது. அந்த மிஷினக் கீழ வைங்க மொதல்ல. கீழ ஆட்டோ நிக்குது, போகச் சொல்லல நான். சட்டைய மாத்திக்கோங்க, தலையெல்லாம் சுண்ணாம்பா இருக்கு. என்ன சார் சாருன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன் நானும். நான் உங்களுக்கு அண்ணி. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி? வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டாங்க.